காத்து வெளிய போற இடம்

உக்காரு அம்மிணி. அந்த ஓரத்துல வேண்டாம், அந்த பெஞ்சு ஆடும். இப்படி என் பக்கமா வா. கழுத்துல பட்டை போட்டிருக்கியே, வலி தோள் வரைக்கும் இறங்குதா? இறங்கும். டோக்கன் வாங்கிட்டயில்ல? அப்பச் சரி. இங்க எதுவும் வெரசா நடக்காது. உள்ள வலிக்குக் கரண்டு வெச்சு விடறது ஒரே ஒரு மேடம். அவங்களும் மனுசிதான, கூப்பிடறப்பக் கூப்பிடட்டும்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிப் போடறேன். அதா, மருந்து குடுக்கற சன்னல்கிட்ட, பச்சைச் சேலை கட்டிட்டு ரெண்டு பையைக் கக்கத்துல இடுக்கிட்டு நிக்கறா பாரு. அவ இங்க வந்தா பேச்சுக் குடுத்துராத. நான் அவகிட்டப் பேசறதில்ல. பேரு தனபாக்கியம். என்கூட மிக்ஸி கம்பெனியில, என் டேபிளுக்கு அடுத்த டேபிள். இன்னைக்கு விடியறப்பவே எங்கூட்டு வாசல்ல வந்து நின்னுட்டா, வேலைக்கு லீவு போட்டுட்டு. நான் வரச் சொன்னேனா? பஸ்ஸுல நான் முன்வாசல்ல ஏறுனேன், அவ பின்வாசல்ல ஏறுனா. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டை என் கையில இருந்து வெடுக்குனு புடுங்கிட்டுப் போய் வரிசையில நின்னுட்டா. நிக்கட்டும். எனக்கென்ன. நான் கேட்டேனா?

எனக்கு மணிக்கட்டு. இதா, வீங்கியிருக்கறது தெரியுதா? தொடாத, தொடாத. பாத்தாப் போதும். இப்ப உள்ள போனா ஒரு ரப்பர் பந்தைக் குடுத்து அமுக்கச் சொல்லுவாங்களாம். பிடி எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுவாங்களாம். அதை வெச்சுத்தான் கம்பெனியில என்னை என்ன பண்றதுன்னு முடிவு. இப்பவே லைன்ல இருந்து எறக்கி பேக்கிங்ல போட்டுட்டாங்க. பேக்கிங்னா பெட்டி தூக்கோணும். இந்தக் கையை வெச்சுட்டு என்னத்தைத் தூக்க? பேக்கிங்லயும் முடியலைன்னா ஊட்டுக்குப் போன்னு சொல்லிருவாங்க. எங்கூட்டுக்காரர் தறி ஓட்டிட்டு இருந்தவரு, தறியும் போச்சு, அவருக்கு இடுப்பும் போச்சு. நான் ஊட்டுல உக்காந்தா ரெண்டு பேரும் சுவத்தைப் பாத்துட்டு இருக்க வேண்டியதுதான்.

எதனால வந்துச்சுன்னு கேக்கறயா? எல்லாம் இந்தப் பொம்பளைகளாலதான். சொல்றேன் கேளு. கேட்டுட்டு நீயே நாயம் சொல்லு.

மிக்ஸிக்கு அடியில ஒரு மூடி இருக்கும். மோட்டாரை உள்ள வெச்சு அந்த மூடியைப் போட்டு நாலு மூலையிலயும் திருகாணி முடுக்கோணும். கையால முடுக்கற வேலையில்ல. காத்துல ஓடற திருப்புளி. கன்னுன்னுதான் நாங்க சொல்லுவோம். தலைக்கு மேல ஸ்பிரிங்குல தொங்கும். இழுத்து வெச்சு விசையை அமுக்குனா உள்ள இருக்கற குட்டி மோட்டாரு காத்துலயே சுத்தும். முடுக்கி முடிச்சு விட்டா தானா மேல போயிரும். லேசான வேலைன்னு பாக்கறவங்களுக்குத் தோணும். ஆனா ஒவ்வொரு திருகாணியும் கடைசியில இறுகறப்ப கன்னு ஒரு உதை உதைக்கும் பாரு, அது அத்தனையும் மணிக்கட்டுலதான் வந்து எறங்கும்.

அந்த லைன்ல முதல் முதலா கன்னைப் புடிச்ச பொம்பளை நான். அதுக்கு முன்னால எல்லாம் ஆம்பளைங்கதான். இப்ப லைன் முழுக்கப் பொம்பளைங்க. பாதிப் பேருக்குக் கன்னு புடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். மயிலக்கா மயிலக்கான்னு பின்னாலயே சுத்துவாங்க. மயிலாத்தாங்கறது என் பேரு.

எங்க லைன் பெல்ட்டுல ஓடறதில்ல. ரோலர் மேல மிக்ஸி உக்காந்திருக்கும். அவங்கவங்க வேலை முடிஞ்சதும் அடுத்த ஆளுக்குத் தள்ளி விடோணும். இதுல ஒரு வில்லங்கம் இருக்கு அம்மிணி. எவ கை மெதுவோ அவ முன்னால மிக்ஸி குவிஞ்சிரும். யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்ல. இன்சார்ஜு ஒருத்தர், குழந்தைவேலுன்னு, அந்தக் கோடியில நின்னு ஒரு பார்வை பாத்தாப் போதும். எங்க குவியுதோ அங்க வந்து நிப்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. சும்மா நிப்பாரு. ரெண்டு மூணு வாட்டி அப்படி வந்து நின்னாருன்னா அந்த ஆளை எறக்கிருவாங்க.

எனக்கு ஆடி மாசத்துலயே கை வலிக்க ஆரம்பிச்சிருச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல. பாத்ரூமுக்குப் போய் தைலத்தைத் தேச்சுட்டு வந்து உக்காருவேன். ஒருத்திக்கும் தெரியாது. என்ன சிரிக்கற? தைலம் வாசம் அடிக்குமா? அடிச்சா அடிக்கட்டும். தலைவலின்னு நினைச்சிருப்பாங்க.

என் டேபிள்ல கொஞ்சங்கொஞ்சமா குவிய ஆரம்பிச்சுது. குவிஞ்சுதுன்னு சொல்ல முடியாது. ஒண்ணு ரெண்டு எச்சா நிக்கும். அந்த நேரத்துல சுபாஷினின்னு ஒரு புள்ள, எனக்கு முந்தின டேபிள், சின்னவ, கல்யாணமாயி ஒரு கைக்குழந்தை இருக்குது. அவ என்ன பண்ணுனா தெரியுமா? என் முன்னால நின்ன மிக்ஸியில ஒண்ணை நைசா அவ பக்கம் இழுத்து, நான் முடுக்க வேண்டிய திருகாணியை அவ முடுக்கித் தள்ளி விட்டா. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! லைனே கேக்கற மாதிரி கத்திப்போட்டேன். "ஏ புள்ள, எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம். என் வேலையை இன்னொருத்தி செய்யற அன்னைக்கு நானா எழுந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவேன். பாவம் பாக்கற வேலையெல்லாம் என்கிட்ட வெச்சுக்காத"ன்னு. அந்தப் புள்ள கண்ணைத் துடைச்சுட்டு உக்காந்திருச்சு. தனபாக்கியம் கன்னை விட்டுட்டு என்னையவே பாத்துட்டு இருந்தா. என்னடி பாக்கறன்னேன். ஒண்ணுமில்லைக்கான்னா.

நான் அப்படித்தான் அம்மிணி. எங்கம்மா செத்தப்பக் கூட நான்தான் நின்னு எல்லாருக்கும் காப்பி ஊத்துனேன். ஒருத்தர்கிட்ட ஒரு ஒத்தாசைன்னு போய் நின்னதில்ல.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. எங்க கம்பெனியில அன்னைக்கு கன்னையெல்லாம் கழட்டி எறக்கிருவோம். மண்ணெண்ணெயில துடைச்சு, ரெண்டு சொட்டு ஆயிலு விட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, வரிசையா டேபிள் மேல படுக்க வெப்போம். அவங்கவங்க கன்னை அவங்கவங்கதான் துடைக்கறது. அடுத்தவங்க கன்னை ஒருத்தி தொட மாட்டா. அதுக்குன்னு சட்டம் எதுவும் இல்ல, அது அப்படியே வந்த பழக்கம். வருசா வருசம் சுண்டலு என் பொறுப்பு. அன்னைக்கு நான் சுண்டலைத் தாளிச்சுட்டு வந்து கன்னைத் துடைக்கலாம்னு உக்காந்தா, தனபாக்கியம், "அக்கா, நாங்க துடைச்சு வெச்சுட்டோம். நீங்க சித்த நேரம் கம்முனு உக்காருங்க"ன்னா. பாத்தா என் கன்னுக்குப் பொட்டு வெச்சு, பூவும் சுத்தியிருக்குது. எனக்கு அது பிடிக்கல. ஆனா நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வாயைக் குடுக்கறதுன்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு அதிசயம். என் டேபிள்ல குவியறது நின்னு போச்சு! நம்ப மாட்டே. ஒரு மிக்ஸி முடிச்சுத் தள்ளுனா அடுத்தது அப்பத்தான் நிதானமா வந்து நிக்கும். மூச்சு விட நேரம் கிடைச்சுது. கையும் பழகிருச்சு, தைலமும் வேலை செய்யுது, சாமி கண்ணைத் தொறந்துட்டாருன்னு நினைச்சேன். பூஜைக்கப்புறம் கன்னும் நல்லா கிர்ருனு ஓடுது. ஒரே ஒரு தொந்தரவுதான். அந்தக் கன்னுல பின்னால காத்து வெளிய போற ஓட்டை ஒண்ணு இருக்கும். உள்ள மோட்டாரைச் சுத்திட்டு வேலை முடிஞ்ச காத்து அது வழியாத்தான் போகும். முந்தியெல்லாம் உஸ்ஸுனு லேசா வரும். இப்ப என்னடான்னா ஐஸுத் தண்ணியைப் பீச்சுன மாதிரி ஜில்லுனு என் மணிக்கட்டுல வந்து அடிக்குது. துணியைச் சுத்திக்கிட்டு ஓட்டுனேன்.

ஆனா லைனுக்குப் போதாத காலம். சாயங்காலம் எண்ணிப் பாத்தா சரக்கு கம்மி. தினமும் கம்மி. குழந்தைவேலு சாருக்கு ஒண்ணும் புரியல. எங்கயாவது குவிஞ்சிருந்தா அங்க போய் நிப்பாரு. குவியவே இல்லையே! எல்லா டேபிளும் ஒரே சீரா இருக்குது. எங்க போய் நிப்பாரு பாவம்? கன்னுக்குக் காத்து அனுப்பற கம்ப்ரஷர்ல கோளாறுன்னாங்க. ஆளைக் கூட்டியாந்து பாத்தாங்க, அது நல்லாத்தான் இருக்குது. டியூபுல எங்கயோ காத்துக் கசியுதுன்னு சோப்புத் தண்ணியைப் போட்டுப் பாத்தாங்க. ஒரு நுரை முட்டை கூட வரல. கடைசியில அவரா ஒரு யோசனை பண்ணி, காத்தோட பிரஷரை எச்சாத் திருகி வெச்சாரு. அதான் தப்பு. பிரஷரை ஏத்துனா கன்னுக்குப் பலம் ஏறுது. திருகாணி இறுகறப்ப மிக்ஸியோட அடி பிளாஸ்டிக்கு படக்கு படக்குனு வெடிக்குது. ஒரு பொழுதுல ஒரு கூடை மூடி வெடிச்சுப் போச்சு. அய்யோன்னு திரும்பவும் எறக்கி வெச்சாரு.

எல்லாரையும் நிக்க வெச்சு ஏசுனாரு. சொல்லக் கூடாத பேச்செல்லாம் பேசுனாரு. "வயசுப் புள்ளைக இத்தனை பேரு இருந்து என்ன புண்ணியம், எல்லாம் சோம்பேறிக"ன்னாரு. ஒருத்தி வாயைத் தொறக்கோணுமே? எல்லாம் தரையைப் பாத்துட்டு நிக்குது. நானா இருந்தா திருப்பிக் கேட்டிருப்பேன். ஆனா என்னை அவரு ஒண்ணும் சொல்லலையே. "மயிலாத்தாக்கா இந்த வயசுலயும் எப்படிச் சரியா ஓட்டறாங்க, அவங்களைப் பாத்துக் கத்துக்கங்க"ன்னாரு. எனக்குப் பெருமைதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். சுபாஷினி என்னைப் பாத்துச் சிரிச்சா. அவளையும் சேத்துத்தான் பொரிஞ்சு தள்ளியிருக்காரு, சிரிக்கறா பாரு கழுதைன்னு நினைச்சேன்.

மார்கழியில ஒரு நாளு என் கன்னுக்கு டியூபு பிடுங்கிட்டு வந்திருச்சு. தனபாக்கியம் டீ குடிக்கப் போயிருந்தா. சரி, அதுக்குள்ள ரெண்டு மிக்ஸி முடிப்போம்னு அவ கன்னை இழுத்து ஓட்டுனேன். என்ன சொல்றது போ! சுத்தமா அசமந்தம். திருகாணி உள்ள எறங்கறதுக்குள்ள கொட்டாவி வருது. முடுக்கறது என்னமோ சரியாத்தான் முடுக்குது, கடைசி உதையும் இருக்குது, ஆனா வேகம் மட்டும் இல்ல. அப்பத்தான் பாக்கறேன், மணிக்கட்டுல ஜில்லுனு அடிக்கலை. பின்னால கையை வெச்சுப் பாத்தா பச்சைக் குழந்தை மூச்சு விடற மாதிரி காத்து வருது. எழுந்திரிச்சுப் போய் சுபாஷினி கன்னுல கையை வெச்சேன். அதுவும் அப்படியே. அதுக்கு அடுத்தது, அதுக்கு அடுத்தது, லைன் முழுக்க அப்படியே. என்னுது ஒண்ணுதான் பீச்சி அடிக்குது.

அந்த ஓட்டையில ஒரு குட்டித் திருகு இருக்குது அம்மிணி. அதை மூடுனா காத்து வெளிய போறது மட்டுப்படும், மோட்டாரு மெதுவாச் சுத்தும். போன வருசம் டூல் சர்வீஸ் பண்ற அல்போன்ஸுன்னு ஒருத்தர் வந்து, ஒரு கன்னு ரொம்ப வேகமா ஓடுதுன்னு அதை அப்படித்தான் மூடிக் குறைச்சுட்டுப் போனாரு. அவரு சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குது. "காத்து உள்ள வர்ற இடத்துல அடைச்சா பலமும் சேந்து போயிரும். வெளிய போற இடத்துல அடைச்சா வேகம் மட்டும்தான் குறையும், வேலை சுத்தமா இருக்கும்"னாரு. அன்னைக்குப் பக்கத்துல நின்னு வாயைப் பொளந்துட்டுப் பாத்துட்டு இருந்தது யாருங்கற? இதா, இந்தப் பச்சைச் சேலைதான். அந்தத் திருகைத் திருப்பற அலன் கீ எங்க கிடைக்கும், எந்தப் பக்கம் திருகோணும்னு எல்லாம் கேட்டுட்டு இருந்தா.

என் மனசு எப்படி இருந்திருக்கும், சொல்லு. நான் கன்னு புடிக்கச் சொல்லிக் குடுத்த புள்ளைக, எல்லாரும் சேந்து திருகை மூடிட்டு, மெதுவா ஓட்டிட்டு, பொழுதை ஓட்டறாங்க. திங்கற சோத்துக்கு வேலை செய்ய வேண்டாமா? என்னையும் கூட்டுச் சேத்துக்கலை பாரு. கேட்டா நான் ஒத்துக்க மாட்டேன்னு தெரியும். அவங்க கூடி என்னமோ பேசுவாங்க, நான் போனா நிறுத்திருவாங்க. அது அப்பப்ப நடக்கும். இதுதான்னு அப்பத்தான் வெளங்குச்சு.

நான் காட்டிக் குடுக்கலை. அதை முதல்ல சொல்லிடறேன். குழந்தைவேலு சாரு கேட்டாரு, சொன்னேன். கேட்டாருன்னா, கேக்கலை, நானாத்தான் ரூமுக்குப் போனேன். அது வேற. போய்ச் சொன்னேன். "கம்ப்ரஷரையும் டியூபையும் பாத்தது போதுங்க, கன்னோட பின்பக்கத்தைப் பாருங்க"ன்னேன். அவரு முகம் போன போக்கைப் பாக்கோணுமே!

மறுநாளே அல்போன்ஸு வந்துட்டாரு. எல்லாக் கன்னையும் கழட்டி டேபிள்ல போட்டு ஒவ்வொண்ணா பாத்தாரு. எல்லாத்தையும் ஒரே அளவுக்கு மூடியிருக்காங்க. அளந்து மூடுன மாதிரின்னாரு. அப்புறம் என் கன்னை எடுத்தாரு. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. "இது யாரோடது?"ன்னாரு. என்னுதுன்னேன். "அக்கா, கன்னு செய்யற கம்பெனியில இருந்து வர்றப்பவே இந்தத் திருகு பாதிக்குத்தான் தொறந்திருக்கும். இதை மட்டும் யாரோ கடைசி வரைக்கும் தொறந்து விட்டிருக்காங்க"ன்னாரு.

எல்லாருக்கும் முன்னாலயும் நான் நெஞ்சை நிமித்திட்டுச் சொன்னேன், "பாத்துக்கங்க சார், நான் இந்தத் திருகைத் தொட்டதே கிடையாது. எந்தப் பக்கம் திருகறதுன்னு கூட எனக்குத் தெரியாது. என்னை மாட்டி விடறதுக்காக இவங்கதான் பண்ணியிருக்காங்க"ன்னு. அல்போன்ஸு என்னைப் பாத்தாரு. கன்னை டேபிள்ல வெச்சுட்டு லைனை ஒரு வாட்டி பாத்தாரு. தனபாக்கியம் எங்கிட்ட வந்து, மெதுவா, "உங்களுக்கு இன்னுமா அக்கா புரியலை?"ன்னா. "என்னத்தைப் புரியறது, உன் புத்தி நல்லாவே புரிஞ்சு போச்சு"ன்னேன். அன்னைக்கு விட்டதுதான் பேச்சு.

திருகையெல்லாம் சரி பண்ணி, எல்லாத்தையும் ஒரே வேகத்துல வெச்சு, மேல அரக்கு வெச்ச மாதிரி சிவப்புச் சாயத்தைத் தடவிட்டுப் போயிட்டாரு. இனி யாரும் திருக முடியாது. லைன் பறக்குது. குழந்தைவேலு சாரு விசில் அடிச்சுட்டுப் போறாரு. ஆனா என்ன கெரகமோ தெரியல, எல்லாம் சரியான அன்னைக்கே என் டேபிள்ல குவிய ஆரம்பிச்சிருச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல அம்மிணி. ரோலர்ல நிக்க எடமில்லாம மிக்ஸி சுபாஷினி டேபிள் வரைக்கும் நிக்குது. அந்தப் புள்ள மெதுவாத் தள்ளுது, அப்பவும் குவியுது. கை எரியுது. குழந்தைவேலு சாரு வந்து நின்னாரு. திரும்பவும் வந்து நின்னாரு. அப்புறம் ஒரு நாளு, "அக்கா, நாளையில இருந்து பேக்கிங் பக்கம் போயிருங்க"ன்னாரு. நான் போய்ச் சொல்லித்தான் அவருக்கு லைனே சரியாச்சு. அந்த நன்றி கூட இல்ல.

பேக்கிங்ல மூணாவது பெட்டி தூக்கறப்பவே கை விட்டுப் போச்சு. பெட்டி கீழ விழுந்து, நானும் உக்காந்துட்டேன். லைன்ல இருந்து எல்லாரும் ஓடி வந்தாங்க. எல்லாரையும் போங்கன்னுட்டேன். இந்தத் தனபாக்கியம் மட்டும் போகலை.

நாயம் சொல்லு அம்மிணி. ஒரு கேள்விதான் எனக்கு. படுத்தா தூக்கம் வர்றதில்ல, அதையேதான் நினைச்சுட்டு இருக்கேன். அவங்க கன்னையெல்லாம் மூடிக்கிட்டாங்க, சரி, சோம்பேறித்தனம். என் கன்னை எதுக்குத் தொறந்து விட்டாங்க? மாட்டி விடறதுக்குன்னா, மூடி வெச்சால்ல மாட்டுவேன்? தொறந்து வெச்சா நான் எப்படி மாட்டுவேன்?

என்ன, அப்படிப் பாக்கற? சொல்லு. எனக்குக் கோவம் வராது, சொல்லு.

ச்சே. ச்சே ச்சே. அதெல்லாம் இல்ல. நீ சின்னப் புள்ள, உனக்கு எல்லாம் நல்லதாவே தெரியுது. எனக்காக எதுக்கு அத்தனை பேரும் ஏச்சு வாங்கோணும்? நான் அவங்களுக்கு என்ன உறவா, மாமனா மச்சானா? அந்தாளு சோம்பேறின்னு ஏசறப்ப எல்லாரும் வாயை மூடிட்டு நின்னாங்களே, அதுவும் எனக்காகவா? அப்படி இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்களா? "அக்கா, உங்க கைக்குத் தகுந்த மாதிரி லைனை வெச்சிருக்கோம்"னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன...

நான் என்ன பண்ணியிருப்பேன்?

எழுந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருப்பேன். அதான் சொல்லியிருந்தேனே. அத்தனை பேருக்கும் முன்னால கத்திச் சொன்னேனே.

தண்ணி வெச்சிருக்கயா? சித்தக் குடு. இல்ல, மூடியைத் தொறந்து குடு. அது என்னால ஆகாது.

அந்தச் சுபாஷினி புள்ள சிரிச்சா அம்மிணி. அத்தனை ஏச்சு வாங்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. நான் கழுதைன்னு நினைச்சேன்.

காலையில நான் சேலை கட்டறப்ப மடிப்புச் சொருக வரலை. கொசுவத்தைப் புடிச்சுட்டு நின்னுட்டே இருந்தேன். இந்தத் தனபாக்கியம்தான் உள்ள வந்து மடிச்சுச் சொருகி விட்டுட்டு வெளிய போய் நின்னா. அப்பக்கூட நான் பேசலை. நான் கேட்டேனான்னுதான் மனசுல ஓடுச்சு. நான் எப்பக் கேட்டேன்? எதைத்தான் கேட்டிருக்கேன்?

என்ன, என் நம்பரா? என் நம்பரைத்தான் கூப்பிடறாங்களா? வலிக்குதான்னு கேப்பாங்களே அம்மிணி. ஆடி மாசத்துல இருந்து யாரு கேட்டாலும் இல்லைன்னே சொல்லிப் பழகிப் போச்சு. நீ என்ன சொல்ற? வலிக்குதுன்னு சொன்னா ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. வலிக்கலைன்னு சொன்னா பெட்டி தூக்கச் சொல்லுவாங்க. எதைச் சொல்றது?

அதா, அவளுக்கும் கேட்டிருச்சு. மருந்து கூட வாங்காம வரிசையை விட்டுட்டு ஓடியாறா பாரு, அந்த ரெண்டு பையையும் தூக்கிட்டு. தரையில தண்ணி கிடக்குது, வழுக்கி விழுந்து தொலைக்கப் போறா.

ஏ தனம்! தனம்! ஓடாத புள்ள. மெதுவா வா. வந்து என்னைச் சித்தத் தூக்கி விடு, கையை ஊனி எழுந்திரிக்க முடியல. உள்ளயும் கூட வந்துரு. கை எப்படி இருக்குதுன்னு கேட்டா நீயே சொல்லு.